நான் பார்க்கும்போது மட்டும் 157

திண்டிவனம்,
6.6.2011

திரு. வெற்றிவேல் அவர்களுக்கு,

நான் உங்களைத் திருடன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக எங்கள் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு விழுப்புரத்தில் உங்கள் கடை வரைக்கும் வந்துவிட்டது என்றும் கேள்விப்பட்டேன். மே 21ஆம் தேதி காலை உங்களுக்குப் போன் செய்து என் கம்ப்யூட்டரைப் பற்றி நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இது அதே கார்டுதானா?" என்று கேட்டேன். கேள்வி வேறு, குற்றச்சாட்டு வேறு. மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பரிமளா இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாள். நீங்களும் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். கடிதத்தை யாரும் பாதியில் வைத்துவிட முடியாது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

2009இல் என் கம்ப்யூட்டரில், திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டின் விசிறி நின்று, கருகிய வாடை வந்தது. புது விசிறி போட்டுவிட்டு நீங்கள் எனக்கு ஒரு வேலை வைத்தீர்கள். தினமும் காலையில் திரையில் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, கார்டின் எண்களைக் காட்டும் சின்னப் பெட்டியை மட்டும் திறந்து, அதன் சூட்டையும், அது ஓடும் கிளாக் வேகத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னீர்கள். இரண்டு வருடமாக எழுதுகிறேன். கரண்ட் இல்லாத நாள்களில் 'கரண்ட் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். இருந்த நாள் ஒவ்வொன்றிலும் கிளாக் வேகம் 650தான்.

மே 20 அன்று வந்தீர்கள். வீடியோ காலில் என் மகன் இளவழகனின் முகம் நடுங்குகிறது என்று நான்தான் கூப்பிட்டேன். கார்டின் டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, புதிதாக மாற்றிவிட்டுப் போனீர்கள். என்னைக் கேட்காமல் மாற்றினீர்கள் என்பது தனி வருத்தம். நடுக்கம் நின்றது. ஆனால் மறுநாள் காலை கிளாக் வேகம் 157 என்று காட்டியது. கார்டே மாறிவிட்டதோ என்றுதான் உடனே உங்களுக்குப் போன் செய்தேன். அதற்கு மறுநாளும் 157. அதன் பிறகு தினமும் அதேதான்.

கான்வென்டில் எங்களுக்கு விஞ்ஞானம் எடுத்த சிஸ்டர், தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார்கள். இன்று பார்த்த எண்ணைத்தான் எழுத வேண்டும், நேற்றைய எண்ணை அல்ல என்பார்கள். நான் பார்த்ததைத்தான் எழுதினேன்.

29ஆம் தேதி ஞாயிறு, பெங்களூரிலிருந்து வீடியோ காலில் வந்த என் மகனிடம் இதைச் சொன்னேன். என் திரையை அவன் அங்கிருந்தே பார்த்தான். "650தானேம்மா காட்டுது, நீ எங்க பாக்குற?" என்றான். நானும் பார்த்தேன். 650தான். நேற்றுப் பேசியபோதும் அதே மாதிரி. "சரிம்மா, விடு" என்று மெதுவாகச் சொன்னான். அவன் சின்ன வயதிலிருந்து என்னிடம் எதையும் மெதுவாகச் சொன்னவன் இல்லை.

இயந்திரத்தில் என்ன கோளாறு என்று தெரிய வேண்டும். பதிலைத் தபாலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தேவயானி


விழுப்புரம்,
11.6.2011

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வெற்றிவேல் எழுதிக்கொள்வது.

நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் கேள்விதான் கேட்டீர்கள் என்கிறீர்கள். சரி அம்மா. ஆனால் திண்டிவனத்தில் எனக்கு இருந்த மூன்று வாடிக்கை போய்விட்டது. ஒருவர் போனிலேயே சிரிக்கிறார். "உன் கையில மெஷினைக் குடுத்தா பாதிதான் திரும்பி வருமாமே" என்கிறார். எட்டு வருஷமாக உங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவன் நான். மே 20 அன்றுகூட எனக்கு இரண்டு தடவை காபி கொடுத்தீர்கள். வேண்டாம் என்று சொல்லாமல் இரண்டையும் குடித்தேன். அப்படிப்பட்ட வீட்டில் போய் நான் கை வைப்பேனா? இப்போது உங்கள் தெருவில் கால் வைக்கவே கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் நேரில் வரவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: கிளாக் வேகம் 650தான் அம்மா. புது டிரைவர் போட்டால் அது மாறாது. உங்கள் கண்ணாடியை ஒரு தடவை காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். இனிமேல் நோட்டிலும் எழுத வேண்டாம். விசிறி நன்றாகத்தான் ஓடுகிறது. அதையே நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். இளவழகன் தம்பி சொல்கிறபடி கேளுங்கள்.

வணக்கத்துடன்,
வெற்றிவேல்


திண்டிவனம்,
16.6.2011

திரு. வெற்றிவேல் அவர்களுக்கு,

முதலில் சில திருத்தங்கள்.

கண்ணாடி மாற்றி நான்கு மாதம்தான் ஆகிறது. டாக்டர் காட்டிய அட்டையில் கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

காபி ஒரு முறைதான் கொடுத்தேன். வேலைக்கு வருகிறவருக்கு ஒரு காபி என்பது என் கணவர் இருந்த காலத்திலிருந்து இந்த வீட்டு வழக்கம்.

கார்டு அதேதான். கரண்டைத் துண்டித்துவிட்டு, பக்கத்து மூடியை நானே திருப்புளியால் கழற்றினேன். டார்ச் அடித்து ஸ்டிக்கரில் இருந்த எண்ணைப் படித்தேன். கார்டு வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றே. ஆகவே அன்று அப்படிக் கேட்டது என் தவறு. பரிமளாவை அழைத்து ஸ்டிக்கரைக் காட்டினேன். எந்த வீடுகளில் சொன்னாளோ அதே வீடுகளில் போய் மாற்றிச் சொல்லும்படி அனுப்பியிருக்கிறேன்.

இனி நான் எழுதப்போவது உங்களுக்கு மட்டும்.

12ஆம் தேதி ஞாயிறு இளவழகன் பேசி முடித்துத் தொடர்பைத் துண்டித்தான். நான் அந்தச் சின்னப் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் முகம் மறைந்து கொஞ்ச நேரத்தில், என் கண் முன்னால், 650 என்றிருந்தது 157 ஆனது. அவன் பார்க்கும்போது 650. நான் தனியாகப் பார்க்கும்போது 157. ஸ்டிக்கரைக் காட்டிய அன்று பரிமளாவிடம் இதையும் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அவள் கண்ணுக்கும் 650 என்று தெரிந்துவிட்டால் நான் என்ன செய்வது?

என் அக்கா அம்சாவை உங்களுக்குத் தெரியாது. விழுப்புரத்தில்தான் வாழ்க்கைப்பட்டாள். 2004இல் ஒரு மத்தியானம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள். விக்கிரவாண்டியில் நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றில், நின்ற லாரிகளை ஒவ்வொன்றாக நெருங்கி, "இது திருவாமாத்தூர் போவுமா?" என்று கேட்டிருக்கிறாள். ஒரு லாரிக்காரர் அவளை உட்காரவைத்து, இடுப்பில் செருகியிருந்த சீட்டில் என் எண்ணைப் பார்த்து எனக்குப் போன் செய்தார். நான் போனேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு? உக்காருங்க" என்றாள். அறுபது வருடத்தில் என்னை 'நீங்க' என்று அவள் சொன்னது அன்றுதான். அதன் பிறகு மூன்று வருடம் இருந்தாள். அது எப்போது ஆரம்பித்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

இளவழகனுக்கு அது நினைவிருக்கிறது. அவன் மெதுவாகப் பேசுவது அதனால்தான். ஞாயிறன்று சொல்லிவிட்டான்: "ஜூலை பத்தாம் தேதி கார் எடுத்துக்கினு வர்றேன்மா. டாக்டர்கிட்ட காட்டிட்டு எங்ககூடவே இருந்துடு. வீட்டைப் பூட்டிடலாம்." அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால் அவனோடு சண்டை போடவும் எனக்கு வழியில்லை.

தினமும் எழுந்தவுடன் பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லிப் பார்க்கிறேன். எட்டாம் வகுப்பில் என்னோடு படித்த முப்பத்தொரு பேரின் பெயரை வருகைப் பதிவேட்டின் வரிசையில் சொல்கிறேன். இதுவரை தவறவில்லை. ஆனால் தவறினால் அது எனக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கடையில் இதே மாதிரி கார்டு இருக்கும். அதில் அதே டிரைவரைப் போட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்க்காமல் எழுத வேண்டாம்.

தேவயானி


விழுப்புரம்,
20.6.2011

அம்மாவுக்கு,

நான் பார்க்காமல்தான் எழுதினேன். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் முதல் கடிதம் வந்த மறுநாள் இளவழகன் தம்பி போன் செய்தார். "அண்ணே, அம்மா உங்களைக் கேப்பாங்க. 650தான்னு சொல்லிடுங்க. எதுத்துப் பேசினா பயந்துடுவாங்க" என்றார். இரண்டு தடவை கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். கண்ணாடியை மாற்றச் சொன்னது மட்டும் என் சொந்தச் சரக்கு.

இரண்டாவது கடிதம் வந்த அன்றே சோதித்துப் பார்க்க உட்கார்ந்தேன். வளவனூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவரின் மெஷின் ஒன்று கடையில் ரிப்பேருக்கு இருக்கிறது. அதிலும் உங்கள் கார்டுதான். அவரிடம் கேட்டுக்கொண்டு புது டிரைவரைப் போட்டேன். எல்லாவற்றையும் மூடிவிட்டு, நீங்கள் பார்க்கிற மாதிரியே அந்தச் சின்னப் பெட்டியை மட்டும் திறந்தேன்.

157.

பிறகு ஒரு கல்யாண வீடியோவை ஓடவிட்டேன். 650க்கு ஏறியது. நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 157. பத்து தடவை செய்து பார்த்தேன், பத்து தடவையும் அப்படித்தான்.

விஷயம் இதுதான். பழைய டிரைவர், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார்டை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தது. புதுசு அப்படி இல்லை. திரையில் வேலை இல்லாதபோது கார்டின் வேகத்தைக் குறைத்து வைக்கிறது. சூடும் குறையும், உங்கள் நோட்டில் பாருங்கள். தம்பி வீடியோ காலில் வந்தால் அவர் முகத்தைக் காட்டுகிற வேலை கார்டுக்கு வந்துவிடும். அதனால் அவர் பார்க்கும்போதெல்லாம் 650. நீங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பார்ப்பதால் 157. மூடிவிட்டுப் பார்க்கச் சொன்னது யார்? நான்தான். வேறு யாராவது இருந்தால் சோம்பேறித்தனமாக எதையாவது திறந்து வைத்துக்கொண்டே பார்த்திருப்பார்கள், 650தான் தெரிந்திருக்கும். நான் சொன்னதைச் சொன்னபடி செய்ததால் வந்த வினை இது.

நீங்களும் செய்து பாருங்கள். ஏதாவது ஒரு வீடியோவை ஓடவிட்டு, பக்கத்திலேயே அந்தப் பெட்டியையும் வையுங்கள். பக்கத்தில் இன்னொருவரும் இருக்கட்டும். தம்பி எனக்குப் போன் செய்ததை நான் சொன்னதாக மட்டும் தம்பியிடம் சொல்லாதீர்கள்.

வெற்றிவேல்


திண்டிவனம்,
23.6.2011

வெற்றிவேல் அவர்களுக்கு,

இன்று காலை 10.15க்குச் செய்தேன். பரிமளா பக்கத்தில் இருந்தாள். அவளைக் கூப்பிடுவதற்கு முன் கதவருகே கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் மூடிய நிலையில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டேன். நான் வாயைத் திறக்கவில்லை. அவளாகவே "நூத்தி அம்பத்தேழு" என்றாள். அதை அப்படியே நோட்டில் எழுதினேன்.

இளவழகன் கல்யாண வீடியோவை ஓடவிட்டோம். 650. நிறுத்தினோம். பதினொன்று எண்ணுவதற்குள் 157. மூன்று முறை செய்து, மூன்று முறையும் நோட்டில் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதுக்கா அந்த மனுசனைத் திருடன்னீங்க?" என்றாள். "சொன்னது நீ" என்றேன். "கேட்டது நீங்கதானே" என்றாள். அவளுக்குப் பதில் சொல்லி ஜெயித்தவர்கள் எங்கள் தெருவில் இல்லை.

சூடும் குறைந்திருக்கிறது. மே 20 வரைக்கும் 61, 62. அதன் பிறகு 48. அதை நானே எழுதியிருக்கிறேன், ஆனால் பக்கத்துக் கட்டத்தில் இருந்த எண்ணை மட்டுமே பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு இன்று மத்தியானம் சாப்பாடு ருசித்தது.

ஒரு உதவி வேண்டும். நீங்கள் சோதித்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அதை இளவழகனுக்கு அனுப்பி, காரை எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவன் உங்களிடம் பேசியதை நான் சொல்ல மாட்டேன். என்னிடம் அதைச் சொல்லிவிட்டதை அவனுக்குத் தெரிவிப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

தேவயானி


விழுப்புரம்,
27.6.2011

அம்மாவுக்கு,

இத்துடன் தாளை வைத்திருக்கிறேன். கடை முத்திரையும் குத்தியிருக்கிறேன். அதில் எழுதியது:

'புதிய டிரைவர் போட்ட பிறகு, வேலை இல்லாதபோது இந்தக் கார்டின் கிளாக் வேகம் 157 என்றும், வீடியோ ஓடும்போது 650 என்றும் காட்டுகிறது. இதை என் கடையில் சோதித்துப் பார்த்தேன். அம்மா நோட்டில் எழுதியது எல்லாம் சரி. அம்மாவின் கண்ணிலும் ஞாபகத்திலும் ஒரு குறையும் இல்லை.'

தம்பிக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்ப அம்மா நல்லாத்தான் இருக்காங்களாண்ணே?" என்றார். நல்லாத்தான் இருக்காங்க தம்பி என்றேன். தாள் வந்து சேர்ந்தால் டாக்டர் பேச்சு வேண்டாம், பத்தாம் தேதி பயணமும் வேண்டாம் என்றார்.

அடுத்த மாதம் ஒரு நாள் திண்டிவனம் வருகிறேன். இப்போது உங்கள் தெருவில் தைரியமாக நடக்கலாம். ஆனால் அம்மா, இந்தத் தடவை ஒரு காபி போதும்.

வெற்றிவேல்


திண்டிவனம்,
30.6.2011

வெற்றிவேல் அவர்களுக்கு,

தாள் வந்தது. இளவழகனுக்கு இன்னும் அனுப்பவில்லை.

நீங்கள் விளையாட்டாக எழுதிய கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். இரண்டு காபி என்று முன்பு நீங்கள் எழுதியபோது, கோபத்தில் ஏதோ எழுதுகிறீர்கள் என்று நினைத்து, ஒரு முறைதான் என்று திருத்தினேன். இப்போது கோபம் இல்லை. ஆனாலும் இரண்டு என்றுதான் சொல்கிறீர்கள்.

சமையலறையில் எனக்கு இன்னொரு நோட்டு உண்டு. பால், மளிகை, கேஸ் வந்த நாள் எல்லாம் அதில் இருக்கும். மே 20ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 'பால் அரை லிட்டர். இரவு உறை ஊற்றப் பால் இல்லை. காரணம் தெரியவில்லை.' என் கையெழுத்துதான். அரை லிட்டரில் எனக்கு இரண்டு வேளை காபியும், வருகிறவருக்கு ஒரு காபியும் போக, உறைக்கு மிஞ்சும். பல வருடமாக மிஞ்சியிருக்கிறது. இன்னொரு காபி போட்டிருந்தால் மட்டுமே மிஞ்சாது.

நான் கொடுத்தது ஒரு காபிதான். டம்ளரை எந்தக் கையில் நீட்டினேன், நீங்கள் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு எப்படி வாங்கினீர்கள், எல்லாம் அப்படியே நினைவிருக்கிறது. இன்னொன்று என் நினைவில் இல்லை. தேடிப் பார்த்தேன். அந்த இடத்தில் எதுவுமே இல்லை.

அக்காவுக்கு எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். அது முழு உண்மை இல்லை. அத்தானுக்குத் தெரியும். அவள் இறந்த பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பியதற்கு ஒரு வருடம் முன்பே, குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட ஆரம்பித்திருக்கிறாள். "அவ மனசு நோவக்கூடாதுன்னு ஒண்ணும் சொல்லாம சாப்ட்டுட்டேன்" என்றார். அன்பாக இருந்தவர்கள் எல்லோரும் அப்படிப் பேசாமல் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் சொல்லியிருந்தாலும் டாக்டரிடம் ஒரு வருடம் முன்னால் போயிருக்கலாம்.

அன்று நீங்களும் பேசாமல் குடித்தீர்கள்.

உங்கள் தாளில் நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன. முதல் மூன்றும் சோதித்து எழுதியவை. நான்காவது சோதித்து எழுதியதா? பார்க்காமல் எழுத வேண்டாம் என்று உங்களை ஒரு முறை கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாத ஒன்றுக்குச் சாட்சியாக இந்தத் தாளை என் மகனுக்கு நான் அனுப்ப மாட்டேன். அனுப்பாவிட்டால் பத்தாம் தேதி கார் வரும் என்பதும், இந்த வீட்டைப் பூட்டிவிட்டு அதில் ஏற வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று இந்த அறையில் என்னோடு இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். கார்டைப் பற்றி இனி எனக்குச் சந்தேகம் இல்லை. வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

நான் காபி இரண்டு முறை கொடுத்தேனா? இரண்டாவதைக் கொடுக்கும்போது, இன்னும் கொஞ்சம் குடியுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேனா, அல்லது அப்போதுதான் முதல் முறையாகக் கொடுப்பது போலக் கொடுத்தேனா?

போன் செய்ய வேண்டாம். போனில் நீங்கள் என் மீது இரக்கப்படுவது குரலில் தெரிந்துவிடும், அதன் பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் என்னால் நம்ப முடியாது. ஜூலை எட்டாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி தபாலில் பதில் எழுதுங்கள்.

தேவயானி